மண்டப வாசலில் தேவன்

வீரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பல்கலைக்கழக மண்டபத்தில் அவள் துடைத்த ஈரத்தரையில் யாராவது கால் வைத்துவிட்டால் போதும். மாணவன், பேராசிரியர் என்றெல்லாம் பார்க்கமாட்டாள்; மலாயும் தமிழும் கலந்து கிழித்துவிடுவாள். உதவிக்கு வரும் பிள்ளைகளையும் தரை துடைக்கும் தன் மாப்பைத் தொடவிடமாட்டாள். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியதும் லகாட்டுக்கு வந்து, இந்தத் துப்புரவு வேலையில் சேர்ந்தவள்.

மகன் தேவன் அங்கேயே படித்தான். அம்மா துடைக்கும் மண்டபத்தின் மேடையில் சீனப் பிள்ளைகளோடு சேர்ந்து சிங்க நடனத்துக்கு மேளம் அடித்தான். அதற்காக வீட்டில் ஒருநாள் பெரிய சண்டை.

“நம்ம தப்பு மேளம் என்னடா பாவம் செஞ்சிச்சு?”

“ரெண்டும் தோலுதானேம்மா. அடிச்சா சத்தம் வருதுலா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போன வருஷம் தைப்பிங்கில் மேளம் அடித்துவிட்டுத் திரும்பும்போது, மழையில் அவன் மோட்டார் சறுக்கி லாரிக்கு அடியில் போனது. முகத்தைச் சுற்றிக் கட்டித்தான் உடலைக் கொண்டுவந்தார்கள். பார்க்க வேண்டாம் என்றார்கள். மறுநாள் எலும்பு பொறுக்கப் போனபோதும், பெண்கள் வரக்கூடாது என்று அவளை வீட்டிலேயே இருத்திவிட்டார்கள். பெற்றவள் ஒன்றுக்கும் உதவாமல் போனாள். அன்றிலிருந்து அவள் வாசலில் கோலம் இல்லை.

இந்த வருஷக் கலாசார நாளுக்குப் பிள்ளைகள் மண்டப வாசலில் வண்ண அரிசியில் கோலம் போட்டார்கள். தேவனின் மேளத்துக்குச் சிங்கம் ஆடிய சீனப் பையன் கா வாய், வீரம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனான். “வாங்க ஆன்ட்டி” என்றான். அந்த ‘வாங்க’ மட்டும் தேவன் சொல்லிக்கொடுத்த தமிழ்.

தரையில், வண்ண அரிசியில், மேளத்தோடு தேவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

செத்தவன் முகத்தை நாலு பேர் நடக்கிற இடத்தில் போடுவார்களா? திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் முகம் முழுசாக இருந்தது. தெத்துப்பல் இருந்தது. சின்ன வயதில் விழுந்து புருவத்தில் ஆன வெட்டுகூட இருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நல்லாருக்கான்” என்றாள்.

பிறகு ஓடிப்போய், தரை வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் பலகைகளை எல்லாம் கொண்டுவந்து கோலத்தைச் சுற்றி நிறுத்தினாள். மேடையில் மலாய்ப் பிள்ளைகள் ஜோகெட் நடனம் ஆடினார்கள், பரதம் ஆடினார்கள், சிங்கமும் ஆடியது. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. மகன் மேல் யார் காலும் படாமல் காவல் நின்றாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேற்பார்வையாளர் பத்துமலை வந்து, கோலத்தைக் கூட்டிவிடச் சொன்னார்.

“இன்னைக்கு மட்டும் விடுங்கண்ணே. நாளைக்கு நானே எடுத்துடுறேன்.”

“சாயந்தரம் இங்க விருந்து இருக்குக்கா, கார்ப்பெட் விரிக்கணும். மேலிடத்துல சொல்லிட்டாங்க, நான் என்ன செய்ய? நீங்க வீட்டுக்குப் போங்க. வேற ஆளு கூட்டட்டும்.”

“எம்புள்ள மேல வெளக்கமாறு படக்கூடாது.”

மண்டியிட்டு, கையாலேயே மடியில் அள்ளத் தொடங்கினாள். கா வாயும் எதிரில் குந்தினான். முகத்தை மட்டும் தொடாதே என்று மலாயில் சொன்னாள். அவன் மேளத்தை அள்ளினான், சட்டையை அள்ளினான். மோவாயும் தெத்துப்பல்லும் அவள் மடிக்கு வந்தன. அன்றைக்குப் பொறுக்க விடாததை இன்றைக்குப் பொறுக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டே, சிதறிய அரிசியையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியில் கண்கள்தான் மிச்சம். பத்துமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீரம்மா தன் கண்ணை மூடிக்கொண்டு அவற்றையும் அள்ளினாள்.

அரிசி போன பிறகும் தரையில் சாயம் ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் அந்தச் சிரிப்பு தெரிந்தது.

வாளியில் தண்ணீர் பிடித்து வந்தாள். மாப்பை நனைத்துப் பிழிந்தாள். தரையில் வைக்கப் போய், வைக்க முடியாமல் நின்றாள். பிறகு அதைக் கா வாயிடம் நீட்டினாள்.

“நீ தொடைச்சிருய்யா” என்றாள்.