ஊர்ல இருக்கு, எங்களுக்கு இல்ல

உளவியல் ஆராய்ச்சி என்பது, சாதாரணமாகக் கேட்டால் அடி விழக்கூடிய கேள்விகளை, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு தைரியமாகக் கேட்கிற தொழில்.

வீடு வீடாக ஏறி இறங்கி, நாய்க்கும் மாமியாருக்கும் பயந்து பேட்டி எடுத்துப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெண்களின் உடம்பு, அதற்கு விழுந்த அடி மனசில் எப்படித் தங்கிப்போகிறது, ஆஸ்பத்திரி வாசலில் சாதி எப்படிக் குறுக்கே நிற்கிறது, இவைதான் என் ஆராய்ச்சி. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பிறந்தது திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனியில். “நீங்க ஊரா, காலனியா?” என்று சிலர் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். “காலனி” என்று பட்டென்று சொல்லிவிடுவேன். அப்புறம் அவசரமாகப் பேச்சை மாற்றுவது அவர்கள்தான்.

டாக்டர்னா டாக்டர்தான்

எனக்குப் பட்டம் கிடைத்த அன்றைக்கே, “எம் பொண்ணு டாக்டராயிட்டா” என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் எதிர்வீட்டு மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினார். “மாமா, நான் மனசைப் பத்திப் படிச்ச டாக்டர். ஊசியெல்லாம் போட மாட்டேன்” என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு இரக்கம்!

“ஏம்மா, படிப்ப பாதியில வுட்டுட்டியா?”

பாலும் உறவும்

எங்கள் கேள்விகளைச் சென்னையில் இருக்கும் ஆராய்ச்சித் தலைவர்தான் தயாரித்து அனுப்புவார். நல்ல மனிதர், நல்ல தமிழ். அந்த நல்ல தமிழ்தான் எங்களுக்குப் பேஜாரு. பெருமுக்கல் பக்கம் ஒரு கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் என் உதவியாளர் ரெஜினா, “உங்கள் பாலுறவு திருப்திகரமாக உள்ளதா?” என்று வாசித்தாள். ரெஜினா விக்கிரவாண்டிக்காரி; லாரி ஹாரனே தோற்றுப்போகும் குரல்.

“எங்கம்மா திருப்தி? காலைல கறந்து எடுத்துக்கினு போனா, தண்ணி கலந்திருக்குதுன்னு சொசைட்டிக்காரன் மூஞ்சிய காட்றான்” என்றார் அந்த அக்கா.

ரெஜினா சிரிப்பை அடக்க முடியாமல் வரப்போரம் ஓடிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “அதில்லக்கா, ராத்திரி வீட்டுக்காரரு கூட சேர்ந்து இருக்கறத கேக்கறோம். அதுல உங்களுக்கு சந்தோஷமா, இல்ல தொல்லையா?” என்றேன். கூடையைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. சாப்பாட்டு வேளை தாண்டியும் பேசிக்கொண்டே இருந்தார். அழுதார், ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். நாங்கள் கிளம்பும்போது ரெஜினாவைப் பிடித்துக்கொண்டார்.

“இத கேக்கத்தான் பால்ல சுத்திக்கினு வந்தியா நீ?”

ஊர்ல இருக்கு

எங்கள் பக்கம் ‘ஊர்’ என்றால் அது எல்லாருக்கும் ஊர் கிடையாது. சாதிக்காரர்கள் இருக்கிற தெருக்கள் ஊர். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருப்பது காலனி. “ஊருக்குப் போய்ட்டு வர்றேன்” என்று காலனியில் சொன்னால் பக்கத்துத் தெருவுக்குப் போகிறேன் என்று அர்த்தம். கேள்வித்தாளில் “உங்கள் ஊரில் மருத்துவ வசதி உள்ளதா?” என்று இருந்தது. விழுப்புரம் போகும் வழியில் ஒரு காலனியில், அஞ்சலை என்கிற அக்காவிடம் கேட்டோம். கழனி வேலைக்குப் போகிறவர், ஐம்பது தாண்டியவர்.

“ஊர்ல இருக்குதும்மா.”

“நீங்க போவீங்களாக்கா?”

“அதான் ஊர்ல இருக்குதுன்னு சொல்றேனே?”

அந்தக் காலனி முழுக்க இதே பதில். விதிப்படி எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறி போட்டு, பக்கத்தில் ‘ஆனால் யாரும் போவதில்லை’ என்று குறிப்பும் எழுதி அனுப்பினேன். வசதி இருந்தும் பெண்கள் போவதில்லை, விழிப்புணர்வு போதாது என்று சென்னையில் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! போனைப் போட்டு, “சார், ‘ஊர்ல இருக்கு’ன்னா ‘எங்களுக்கு இல்ல’ன்னு அர்த்தம். அங்க போனா ஓரமா நில்லுன்னு சொல்றாங்க. கேள்விய மாத்துங்க” என்றேன். அவருக்கு மனசு வரவில்லை.

“ஊர் என்பது அழகான தமிழ்ச் சொல் ஆயிற்றே, அதில் என்னம்மா குறை?”

அந்த டேபிள்

அஞ்சலை அக்காவுக்கு மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது மறுபடி ரத்தம் படுகிறது என்று அக்கா ரெஜினாவின் காதில் மெல்லச் சொன்னார். எனக்கு ஊசி போடத் தெரியாதே தவிர, இது தள்ளிப்போடக்கூடிய விஷயம் இல்லை என்று தெரியும். அவருக்கும் தெரியும். இதே மாதிரி ஆரம்பித்துத்தான் அவருடைய கூடப்பிறந்த அக்கா புற்றுநோயில் செத்துப்போனார். “வாங்கக்கா, நானே கூட்டிக்கினு போறேன்” என்று கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டார்.

தலைப் பிரசவத்தில் வலி தாங்காமல் கத்தியபோது, ஆஸ்பத்திரி டேபிள்மேல் வைத்தே ஒருத்தி தொடையில் அறைந்திருக்கிறாள். “படுக்கறப்ப கத்துனியா? காலனிக்காரிங்களே இப்படித்தான்” என்றாளாம். அந்தப் பிள்ளைக்கே இப்போது பிள்ளை இருக்கிறது. ஆனாலும் அந்த அறை இன்னும் அஞ்சலை அக்கா உடம்பில்தான் இருந்தது. சொல்லும்போதே தொடைமேல் கை போய்விட்டது. மிச்சப் பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றிருக்கிறார். மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

“செத்தாலும் சாவேன், அந்த டேபிள் மேல ஏற மாட்டேன். நீ வேற எதுனா கேளு.”

பொதுமக்கள் யார்?

ஆராய்ச்சியின் பேரில் ஒரு மருத்துவ முகாம் நடத்த எங்களுக்கு அனுமதி இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைக்கலாம் என்றார் சென்னைத் தலைவர். காலனி சமுதாயக் கூடத்தில்தான் வைப்பேன் என்றேன். “காலனியில் வைத்தால் ஊர்க்காரர்கள் வர மாட்டார்களே?” என்றார். “இத்தனை நாளா ஊர்ல வெச்சப்ப காலனிக்காரங்க ஏன் வரலன்னு யாருனா கவலப்பட்டீங்களா சார்?” என்றேன். ‘உங்கள் இஷ்டம்’ என்று போனை வைத்தார். அது போதும் எனக்கு.

மைக் கட்டிய ஆட்டோ காலனிக்குள் வந்தது. அறிவிப்புக்காரர் பழக்க தோஷத்தில் “ஊர்ப் பொதுமக்கள் அனைவரும் வருக” என்று ஆரம்பித்தார். கூப்பிடுவது நம்மை இல்லை என்று காலனிக்காரர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அஞ்சலை அக்காவும் அரிவாளை எடுத்துக்கொண்டு கழனிக்குக் கிளம்பிவிட்டார். ரெஜினா பாய்ந்துபோய் மைக்கைப் பிடுங்கினாள். ஏரிக்கரை தாண்டி ஊருக்கே கேட்டிருக்கும்.

“ஏங்க, கேம்ப்பு காலனிலதான்! ஊர்க்காரங்களும் வரலாம், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்!”

நிறுத்து

விழுப்புரத்திலிருந்து ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். அவரிடம் முதலிலேயே கறாராகப் பேசி வைத்திருந்தேன்: தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும், ‘நிறுத்து’ என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். அஞ்சலை அக்கா கூடத்து வாசல் வரைக்கும் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். “இது யாரு போட்ட சட்டம்?” என்றார். “நான் போட்டது” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

அக்கா டேபிள்மேல் ஏறிப் படுத்தார். நான் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். “இப்ப தொடப்போறேம்மா” என்றார் டாக்டர். “நிறுத்து!” டாக்டர் கையை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல்லிவிட்டுத் தொட்டார். “நிறுத்து!” மறுபடி எடுத்தார். “ரொம்ப வலிக்குதாம்மா?” என்று டாக்டர் பதறிப்போய்க் கேட்டார். என் கையில் இருந்த பிடி மெல்லத் தளர்ந்தது.

“வலிலாம் இல்ல. நிறுத்துறியான்னு பாத்தேன். இப்ப பண்ணு.”

எங்க ஊர்ல

சந்தேகப்பட்டது சரிதான், ஆனால் ஆரம்ப நிலை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அங்கே வந்த ஒவ்வொருவரிடமும், “தொடறதுக்கு முன்னாடி சொல்லணும், அதான் சட்டம்” என்று அஞ்சலை அக்கா கண்டிஷனாகச் சொன்னாராம். நர்ஸுகள் கொஞ்ச நாளில் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், மறுபடி கழனிக்குப் போகிறார். சமுதாயக் கூடத்துக்கு அந்த டாக்டர் வாராவாரம் வருகிறார். முதலில் முக்காடு போட்டுக்கொண்டு ஏரிக்கரை வழியாக வந்த ஊர்ப் பெண்கள், இப்போது முக்காடு இல்லாமலே காலனிப் பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு மாணவி அதே பழைய கேள்வித்தாளோடு வந்தாள். “உங்கள் ஊரில் மருத்துவ வசதி உள்ளதா?” என்று அஞ்சலை அக்காவைக் கேட்டாள். பக்கத்தில்தான் நானும் நின்றிருந்தேன். அக்கா சமுதாயக் கூடத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

“எங்க ஊர்ல இருக்குது. அந்தாண்ட இருக்கறவங்ககூட இங்கதான் வர்றாங்க.”

அந்த மாணவியும் விதிப்படி அதே ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டுக்கொண்டு போனாள்; ஆகவே சென்னைக் கணக்குப்படி எங்கள் பக்கத்தில் இன்றைய தேதி வரைக்கும் ஒரு மாற்றமும் நடக்கவில்லை.