மூப்பர் மா பாடவில்லை

தென் கொரியாவில் குன்சான் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் நாடகங்களை எழுதுகிறவள் பியோன் மிரான். சியோலில் ஆறு வருஷம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு உதவி எழுத்தாளராக இருந்தாள். ஒரு தடவைகூடத் தன் பெயர் திரையில் வராமலே முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்பினாள். காலையில் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை, மத்தியானத்துக்குமேல் எழுத்து. விசுவாசிகளைப் பற்றி, மற்றவர்களும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தினமும் ஜெபித்தாள்.

படத்துக்காக அவள் எழுதிய முதல் கதை, கடலில் மகனைப் பறிகொடுத்த ஒரு சபை மூப்பரைப் பற்றியது. கடைசிக் காட்சியில் அவர் முழங்கால் போட்டு அழுது ஆறுதல் அடைவார். போதகருக்கு அது பிடித்துப்போயிற்று. படப்பிடிப்புக்கு ஆலயத்தையே தருவதாகச் சொன்னார். ஒலிப்பதிவுக்கு நான் சேர்ந்துகொண்டேன்.

அது யார் கதை என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். மூப்பர் மா கிசோக்கின் ஒரே மகன் பதினோரு வருஷத்துக்கு முன் நண்டுப் படகில் போனவன், திரும்பவில்லை. அவரிடம் மிரான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. படப்பிடிப்பு நெருங்க நெருங்க அது அவளை உறுத்தியது. என்னையும் கூட்டிக்கொண்டு அவருடைய கருவாட்டுக் கிடங்குக்குப் போனாள்.

மீன்பெட்டி மேல் உட்கார்ந்து அவர் கதை முழுவதையும் நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. கடைசிப் பக்கம் மட்டும் பொய்," என்றார்.

தாள்களை அடுக்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அவன் போனதுலேர்ந்து நான் ஜெபம் பண்ணலம்மா. பாட்டுக்கும் வாய் திறக்கல. சபையில ஜெபம் சொல்ல என் முறை வந்தா பழைய தாளப் பாத்து வாசிச்சிட்டு உக்காந்துடுவேன். கோயிலுக்கு வர்றதெல்லாம் என் வீட்டுக்காரிக்காக. அவளுக்கு இது தெரியாது."

கதையைக் கைவிட்டுவிடுவதாக மிரான் சொன்னாள். அவர் வேண்டாம் என்றார்.

"எழுது. ஆனா அழுது குணமாயிட்டேன்னு எழுதாதே. என் பையனே நம்ப மாட்டான். அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கடைசிக் காட்சியை அவள் மாற்றினாள். சபை பாடுகிறது, ஒருவர் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். போதகர் படித்துவிட்டு வருந்தினார். பலவீனமானவர்கள் இதனால் இடறிவிடுவார்கள், பழைய முடிவையே வைத்துக்கொள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"திரும்பப் பழையபடி மாத்தினா அது பொய்ச்சாட்சி ஆயிடும், ஐயா," என்றாள் மிரான்.

ஆலயம் கிடைக்கவில்லை. மூப்பரின் கிடங்கிலேயே பெட்டிகளை வரிசையாகப் போட்டு எடுத்தோம். பாடகர் குழுவில் ஒன்பது பேர் வந்தார்கள். கருவாட்டு வாடையில் மூன்று நாள் பாடினார்கள்.

மறு வருஷம் இலையுதிர் காலத்தில் நூலகக் கூடத்தில் படத்தைத் திரையிட்டோம். மூப்பரும் அவர் மனைவி ஓக்பூன் அம்மாவும் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். மூப்பரின் முகத்தைப் பார்த்ததுமே அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்று தெரிந்தது. மிரான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்துவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

படம் முடிந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை. ஓக்பூன் அம்மா கணவர் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் பேசினார்.

"பக்கத்துலயே உக்காந்திருக்கேன், உங்க குரல் கேக்கலன்னு எனக்குத் தெரியாதா? மத்தவங்க கவனிக்கக் கூடாதுன்னுதானே நான் அவ்வளவு சத்தமாப் பாடினேன்."

மூப்பர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அம்மா அவர் முதுகில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் இருந்த போதகர் யாரிடமும் பேசாமல் போய்விட்டார். மறுவாரம் அவர் மூப்பர் வீட்டுக்குப் போய், ஜெபம் எதுவும் சொல்லாமல், சாயங்காலம் வரை கூட இருந்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டோம்.

மூன்று திரைப்பட விழாக்கள் படத்தைத் திருப்பி அனுப்பின, ஒன்று ஏற்றுக்கொண்டது. மிரான் இரண்டாவது கதைக்கு இன்னும் பேனா எடுக்கவில்லை. அது ஒரு நர்ஸ் அம்மாவின் வாழ்க்கை. முதலில் அவரைப் போய்ப் பார்த்து அனுமதி கேட்டிருக்கிறாள். யோசித்துச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார்.