மதினியின் சோதனைக் கடிதங்கள்

பூக்கட்டும் நாரால் முடிச்சுப் போட்ட பென்டிரைவ் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கிய உதிரி மல்லியைக் கட்டிய மீதி நாரில், தொலையாமல் இருக்கட்டும் என்று என் அண்ணன் மனைவி போட்டுக் கொடுத்த முடிச்சு. உள்ளே இப்போது ஒன்றும் இல்லை. நான்தான் அழித்தேன்.

மதினியும் நானும் மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் ஒரு மென்பொருளில் சேர்ந்து வேலை பார்த்தோம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்ட மென்பொருள், சம்பளம் கிடையாது. இன்று பூட்டி அனுப்பும் கடிதத்தை எவனாவது திருடி வைத்திருந்தால், நாளை குவாண்டம் கணினி வந்ததும் திறந்து படித்துவிடுவான். அதற்கும் அசையாத புதுப் பூட்டைச் சேர்ப்பதுதான் எங்கள் பாடு. மதினி செல்லூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து பூட்டி அனுப்புவார். தல்லாகுளத்தில் நான் திறப்பேன். சரியாகத் திறந்தால் திரையில் பச்சை டிக் விழும். விழுந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவேன்.

சோதனைக்கு எல்லோரும் 'டெஸ்ட், டெஸ்ட்' என்றுதான் அடிப்பார்கள். வீட்டில் வாயே திறக்காத மதினியோ பக்கம் பக்கமாக எழுதினார். "வெறும் வீட்டுக்கு எவளாச்சும் பூட்டுப் போடுவாளா ஏத்தா?" என்பார். இம்புட்டு நீளக் கடிதமும் பிசகாமல் திறக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு வரி படித்தேனா? எங்கே படித்தேன்!

பூட்டின் இறுதி விதிமுறை வெளிவந்து, சோதனையும் முடிந்தது. அதன்பின், கடிதங்களைத் திறக்கும் சோதனைச் சாவியை வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். எழுதிய பிரதியையோ திறந்த கடிதங்களையோ நாங்கள் இருவருமே சேமிப்பதில்லை. சாவி இருந்த பென்டிரைவை ஒன்றுக்கு இரண்டு முறை துடைத்தேன். அத்தனை ஒழுங்கு எனக்கு.

சில வாரம் கழித்து மதினியை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். கட்டி முற்றிவிட்டது என்றார்கள். அண்ணனிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் எழுதியிருந்தேனே ஏத்தா, படிச்சியா?" என்றார். ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, பாவி நான், "படிச்சேன் மதினி" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "படிச்சுமா நீ வரல?"

பிறகு என்னோடு அவர் பேசவே இல்லை. நாலாம் நாள் போய்விட்டார்.

அந்தக் கடிதங்கள் பூட்டியபடியே என் கணினியில் இருக்கின்றன. இனி எந்தக் கணினி வந்தாலும் திறக்க முடியாது என்று எங்கள் பூட்டைப் பாராட்டுகிறார்கள். இழுப்பறையைத் திறந்தால் அந்தக் காய்ந்த நார் முடிச்சு கையில் தட்டுப்படுகிறது. என்னை எப்போது வரச் சொல்லியிருந்தார், எதற்கு வரச் சொல்லியிருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.