முதலாளி படத்துக்குக் கீழே

உங்கள் ஊர்ப் பலகை ஒன்றையாவது இருபது அடி தள்ளி நின்று படித்திருக்கிறீர்களா? காமயகவுண்டன்பட்டியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் மதன்குமார் படித்ததில்லை. ஒல்லியாக, சாய்வாக, முனையில் கொக்கி இல்லாத எழுத்துரு ஒன்று அவனுடைய செல்லப்பிள்ளை. அதில் நாற்பது பெயர்களை ஒரே வரியில் அடைப்பான். அவன் கடையில் ஒல்லியாக இருந்தது அது மட்டும்தான். அவன் தொப்பையைப் பார்த்தாலே அது தெரியும்.

திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் எச்சரிக்கைப் பலகை கேட்டார். அவர் படமும் பெயருமே முக்கால் இடத்தைப் பிடித்தன. "மருந்தடித்திருக்கிறது, பழம் தின்னாதீர்கள்" என்பதை மிச்சத்தில் நசுக்கிவிட்டு, மதன்குமார் தன்னையே மெச்சிக்கொண்டான்.

மறுநாள் தன் கைவண்ணத்தைப் படம்பிடிக்கத் தோட்டத்துக்குப் போனான். திராட்சைக் கொடியைப் பந்தலில் கட்டக் கூலிக்கு வந்த மாரீஸ்வரி, பலகைக்கு எதிரே நின்று பழத்தை வாயருகே கொண்டுபோனாள்.

"யக்கா, கீழ போடு! மருந்தடிச்சிருக்கு. போர்டப் படிக்கலையா?"

"மொதலாளி பேரு படிச்சேன். கீழ ஏதோ சாரல் அடிச்ச மாதிரி கோடா கெடக்கு. அங்கன நின்னு நீயே படி, தம்பி."

மதன்குமார் கண்ணைச் சுருக்கினான். அடித்த மேதைக்கே புரியவில்லை.

அன்றே முதலாளி படத்தைத் தூக்கிவிட்டு, எச்சரிக்கையை நிமிர்த்தி, பருமனாக அடித்து மாட்டினான். படம் போன கோபத்தில் முதலாளியின் வாடிக்கையும் போனது. உங்கள் தெருவிலும் அவன் பலகைகள் தொங்கும். தள்ளி நின்று படியுங்கள். எழுத்து தெரியாவிட்டால் அவன் கடைக்குப் போய்த் திட்டுங்கள்.