முனையில் காய்ந்த மீன்

1. இன்று காலை, சிசிலியில் பலெர்மோ நகருக்கு வடக்கே கடலுக்குள் நீளும் முனையில், பழைய சூரை மீன்பிடிக் கட்டடத்தை விடுதியாக்குவதற்காக, கட்டடக் கலைஞராக அளவெடுக்கப் போனேன்.
2. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் உப்பிட்ட மீன் இருந்தது. "இந்த முனையின் பாரம்பரிய மணம்" என்று எழுதியிருந்தார்கள்.
3. முதலாளி பெருமையோடு பெட்டியைத் திறந்து காட்டினார். எனக்குக் கோபம் வந்தது.

தொண்ணூறுகளில் அந்த மணம் எங்களுடையது. முனையின் இரு பக்கமும் கடல் என்பதால் காற்று ஓயாது, ஈ உட்காராது. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும், இலங்கையின் மன்னாரிலிருந்து குடிவந்த அம்மா, மொண்டெல்லோ கடற்கரை உணவகத்தில் பாத்திரம் கழுவிய அப்பா கொண்டுவரும் சிறுமீன்களைக் கீறி, உப்புத் தடவி, தட்டைப் பாறையில் பரப்புவார். பக்கத்தில் சிசிலிப் பெண்கள் பலகைகளில் தக்காளிச் சாந்தைக் காயவைப்பார்கள். அம்மாவுக்கு ஓய்வு ஞாயிறு மட்டுமே. அவர் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, அங்கே வெயில் காய வந்ததும் ஞாயிறுதான்.

ஒருநாள் சிஞ்ஞோரா மூக்கைப் பொத்திக்கொண்டு காவலாளியை அழைத்தார். தக்காளி தப்பியது. எங்கள் மீனை அவன் கடலில் தள்ளினான்.

"ஆறு நாளும் உங்கட கக்கூஸ் மணத்தை நான்தானே கழுவுறன்!" என்று அம்மா சிஞ்ஞோராவைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"சும்மா இரப்பா, வேலை போயிடும்," என்றார் அப்பா.

"சிரிச்சுக்கொண்டுதானே சொல்லுறன். அவவுக்கு என்ன விளங்கப்போகுது?"

வேலை போகவில்லை. அதன் பிறகு நாங்கள் மீன் காயவைக்கவும் இல்லை.

முதலாளி இன்று தந்த விடுதி வரைபடத்தில் அம்மாவின் பாறை ஏழாம் கார் நிறுத்துமிடம். கீழே என் கையெழுத்துக்கான இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.