சின்னக் குடும்பம், சந்தோஷக் குடும்பம்

இன்று காலை வாவியைக் கடக்கப் பாதையில் ஏறினேன். மோட்டார் சைக்கிள்களையும் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். பக்கத்தில் நின்றவர் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். என் கணவர் ஆசிரியர், எங்களுடையது சின்னக் குடும்பம், சந்தோஷமான குடும்பம், என் பொழுதுபோக்கு தபால் முத்திரை சேர்த்தல். வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் விளம்பரமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணத்தைச் சொல்லாவிட்டால் என்னை விசரன் என்றுதான் நினைப்பீர்கள்.

சண்டை ஓய்ந்து, வெளிநாட்டு நிவாரண அலுவலகங்கள் எங்கள் பக்கத்தில் காளான் மாதிரி முளைத்த காலம் அது. ஆங்கிலம் பேசினால் வேலை நிச்சயம் என்றார்கள். உடனே வகுப்புகளும் முளைத்தன. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நாங்கள் ஒரு கூட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதுக்காரர்கள், இதே பாதையில் ஏறிச் செட்டிபாளையத்துத் தகரக் கொட்டில் ஒன்றுக்குப் படிக்கப் போனோம். எங்களுக்குப் படிப்பித்த சேர் அந்த வெக்கையிலும் டை கட்டியிருப்பார். லண்டனில் இருந்தவர் என்று சொல்லிக்கொள்வார். ஒருநாள் வெள்ளைக்காரர்களின் ஜீப் ஒன்று வழி கேட்க வாசலில் வந்து நின்றது. அன்றைக்கென்று பார்த்துச் சேருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஜீப் போகும்வரை கக்கூசை விட்டு வெளியே வரவில்லை.

அவருடைய சட்டம் ஒன்றுதான். வகுப்பு நாளில் வீட்டுப் படலையைத் தாண்டினால் திரும்பி வரும்வரை வாயில் தமிழ் வரக்கூடாது. ஆங்கிலமோ எங்களுக்கு வராது. ஆகவே யாரும் எதுவும் பேசவில்லை. கோயில் நேர்த்தி மாதிரி அதைக் காத்தோம். வாயோயாத சனம் இப்படி உம்மென்று பாதையில் நிற்பதைப் பார்த்துப் பாதைக்காரர் சில நாள் பொறுத்திருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"செத்த வீட்டுக்கா போய் வாறீங்க?"

அதற்கும் நாங்கள் தலையைத்தான் ஆட்டினோம்.

நேர்முகப் பரீட்சைக்கென்று சேர் ஒரு சுய அறிமுகம் எழுதித் தந்தார். எல்லோருக்கும் ஒன்றே. பெண்களுக்குக் கணவர் ஆசிரியர், ஆண்களுக்கு மனைவி ஆசிரியை. எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அதைச் சொன்னதற்கு, ஒரு சொல்லை மாற்றினாலும் வசனம் உடைந்துவிடும் என்று உறுமினார். தபால் ஒழுங்காக வந்து சேராத ஊரில் நாங்கள் அத்தனை பேரும் முத்திரை சேர்ப்பவர்களானோம். நானும் பாதி உறக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன், இல்லாத மனைவியோடு.

எங்களோடு பூமணி அக்காவும் படித்தார். சண்டைக் காலத்தில் ஒருநாள் விடிய வயல் வட்டையில் வேளாண்மையைப் பார்த்துவர என்று போன அவருடைய கணவர் திரும்பி வரவேயில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இடியப்பம் அவித்து விற்று நாளை ஓட்டினார். ஒரு நிவாரண அலுவலகத்தில், தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கென்றே ஒரு வேலை வந்தது. அக்காவுக்கு என்றே செய்து வைத்த வேலை. கிடைத்தால் அடுப்படிப் புகையிலிருந்து விடுதலை, பிள்ளைகளின் படிப்பும் நிற்காது. நானும் அங்கே கோப்பு எழுதும் லிகிதர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். இருவரும் ஒரே நாளில் போனோம்.

உள்ளே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்கா ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டார். வகுப்பில்கூட அவ்வளவு திருத்தமாக அவர் சொன்னதில்லை.

அக்கா வெளியே வந்தபின் வாசலில் காத்திருந்த எங்களிடம் அலுவலகத்துத் தமிழ்ப் பையன் வந்தான். கணவர் ஆசிரியராக இருப்பவருக்கு இந்த வேலை இல்லையாம் என்றான். நாங்கள் பதறி, சேரின் சட்டத்தையும் மறந்து, நடந்ததை விளங்கப்படுத்தினோம். அவனும் உள்ளே போய்ச் சொன்னான். அப்படியென்றால் பொய் சொல்லியிருக்கிறார், பொய் சொல்பவரை எப்படி வேலைக்கு எடுப்பது என்று பதில் வந்தது. எப்படிப்பட்ட நீதி பாருங்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இல்லாத மனைவியை நான் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனேன். அவள் இல்லாமல் எனக்கு ஒரு வசனமும் வரவில்லை.

திரும்பும்போது பாதையில் வகுப்பு முடிந்த மற்றவர்களும் நின்றார்கள். வகுப்பு நாள். வழக்கம்போல உம்மென்றுதான் நின்றோம். நடு வாவியில் அக்கா வாய் திறந்தார், தமிழில்.

"தமிழில திரும்பி வராத மனிசன் இங்கிலீசில வந்திட்டார் தம்பி. வாத்தி உத்தியோகமும் கிடைச்சிட்டு. அந்தப் பாசையிலயாவது நல்லா இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். எனக்கு அழுகை வந்தது. சேரின் டையைப் பிடித்து இழுத்துவந்து வாவியில் தள்ள வேண்டும் போலவும் இருந்தது. அக்கா மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வருடம் பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார்.

நிவாரண அலுவலகங்கள் பெயர்ப்பலகைகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டன. கொட்டில் இருந்த இடத்தில் டயர்க் கடை. சேர் கனடாவில் என்கிறார்கள். அங்கே யாரோடு என்ன பேசுகிறாரோ. அக்காவின் பிள்ளைகள் தாயில்லாமலே வளர்ந்து, கல்யாணமும் கட்டிவிட்டார்கள். பாதையில் இப்போது எல்லோரும் போனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். எதுவும் மிச்சமில்லை. அந்த ஆசிரியரும் அவருடைய மனைவியும் மட்டும் இன்றைக்கும் முத்திரை சேர்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள்.