அமைதி தேடி வந்த அத்தான்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அத்தானைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மன்னார்ப் பள்ளிமுனைக்குத் திரும்பி, நாங்கள் வீட்டுக்குக் கூரை போட்டு முடித்த அடுத்த வருடம், அக்கா குடும்பத்தோடு பிரான்சிலிருந்து வந்தார். அம்மா முகாமிலேயே இறந்தவர். அடக்கத்துக்கு அக்காவால் வர முடியவில்லை. அம்மாவின் ஆண்டுப் பூசையை முதல் தடவையாக எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஒப்புக்கொடுக்க ஏற்பாடு செய்திருந்தேன். அந்தப் பூசையில் அக்காவோடு ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை வந்து இறங்கியதுமே அத்தான் கதிரையில் சாய்ந்து பிரசங்கத்தைத் தொடங்கினார். பெரிய நகரங்கள் எல்லாம் ஒரே மாதிரியாம். விவரம் தெரிந்தவர்கள் சின்ன ஊர்களுக்குத்தான் போவார்களாம். பிள்ளைகள் கொழும்பில் நிற்க வேண்டுமென்று அழுதும் கேளாமல் மன்னாரைத் தெரிவு செய்தது அவர்தானாம். சந்தையில் மீனின் செவுளைப் பிரித்துப் பார்க்கிறவரைப் போல எங்கள் ஊரைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை முறைப்பாடு தொடங்கியது. யன்னலுக்குக் கீழே கழுதைகள் கத்துகின்றன. கருவாடு மணக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயில் ஒலிபெருக்கி. எங்கள் பகுதியில் விடியப்புறம் அதில் செபமாலை போகும். கடலுக்குப் போனவர்களின் வீடுகளில் அதோடுதான் அடுப்பு மூட்டுவார்கள். அன்றைய பூசை யாருக்காக என்பதையும் அதில் சொல்வார்கள். கோயிலுக்கு வர முடியாத கிழடுகட்டைகள் வீட்டில் இருந்தபடியே கேட்டுச் சிலுவை அடையாளம் போடுவார்கள்.

சனிக்கிழமை காலை அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

“மச்சாள், நாங்கள் நிக்கிற வரைக்கும் அந்த ஸ்பீக்கரை நிப்பாட்டச் சொல்லிப் பாதரிட்டச் சொல்லுங்கோ. அமைதிக்கெண்டுதானே இஞ்ச வந்தனாங்கள்.”

மறுநாள் அம்மாவின் பெயரைச் சொல்லப்போவதும் அதில்தான். அக்காவைப் பார்த்தேன். மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“இஞ்ச நல்ல அமைதியாத்தான் இருந்தது, அத்தான். இந்தத் தெருவில ஒருத்தரும் இல்லாத காலத்தில. நீங்கள் அப்ப வந்திருக்கோணும்.”

அத்தான் சிரித்தார். “உன்ர தங்கச்சிக்கு வாய் இருக்கு,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்து, அவர்களை ஏற்றி வந்த வான்காரனைக் கூப்பிட்டார். கொழும்பு என்றதும் பிள்ளைகள் துள்ளின.

அக்கா குசினிக்குள் வந்தார். அத்தானுக்கு நித்திரை குழம்பினால் பிரஷர் ஏறும் என்று சொல்லி, அது எனக்குத் தெரியும்தானே என்று கேட்டார். தெரியாது என்றேன். தேத்தண்ணி கூட ஊற்றிக் கொடுக்கவில்லை.

வான் புறப்பட்டபோது அத்தான் கையசைத்தார். நான் அசைக்கவில்லை.

அடுத்த நாள் பூசைக்குத் தனியாகப் போனேன். மத்தியானம் அக்கா கொழும்பிலிருந்து போன் எடுத்தார். கோட்டல் அறை பத்தாம் மாடியில் என்றும், கண்ணாடியைச் சாத்தினால் ஒரு சத்தமும் கேட்காது என்றும் சொன்னார்.